13 வயது சிப்பிப்பாறை நாய், கிட்னி போய்விட்டது: ஊசி போட்டு முடித்துவிடலாமா?

கொடிக்கால்_சோழவந்தான்:

எங்கள் செவலைக்கு 13 வயது முடிந்துவிட்டது. சிப்பிப்பாறை. வெற்றிலைக் கொடிக்காலுக்குக் காவலாக வந்தவன். ராத்திரி வாய்க்கால் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தால் குரல் கொடுத்துக்கொண்டே கரையோடு ஓடுவான். கொஞ்ச நாளாகவே தண்ணீர் அதிகம் குடித்தான், உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியேட்டினின் அளவு 9.2. இரண்டு கிட்னியும் பெரும்பகுதி போய்விட்டது, எப்போதோ வந்த உண்ணிக் காய்ச்சல்கூடக் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். தினமும் டிரிப் ஏற்றியும் அளவு இறங்கவில்லை.

இப்போது வாய்க்குள் புண். கிட்டப் போனால் மூத்திர வாடை. தயிர்சாதம் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எழுந்து நின்றால் பின்னங்கால் பின்னுகிறது. ஆனால் நான் வந்து பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டால் வால் மட்டும் தரையில் தட்டுகிறது. அதைப் பார்த்தால் என்னால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

"ஊசி போட்டுடலாம், வீட்டில் பேசிட்டுச் சொல்லுங்க" என்கிறார் டாக்டர். அம்மாவோ, "வளர்த்த கையாலயே கொல்றதா, தானாப் போகட்டும்" என்று அழுகிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சோற்றில் பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்து கலந்து வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும், டாக்டருக்கு எதற்குக் காசு என்கிறார். வீட்டில் எட்டு வயது மகள் இருக்கிறாள். இன்னொரு நாயும் உண்டு, குட்டி.

ஊசி போட்டால் உண்மையில் என்ன நடக்கும்? அவனுக்கு வலிக்குமா? வீட்டிலேயே செய்யலாமா? நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருமங்கலத்துக்காரர்:

தம்பி, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுத்தவன், அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குருணை மருந்துப் பேச்சை விடுங்கள். எச்சில் ஒழுகி, கைகால் வெட்டி, மூச்சு முட்டித்தான் சாகும். அது கக்கியதைக் காக்காய் கொத்தும், கோழி கொத்தும், உங்கள் குட்டி நக்கினால் அதற்கும் அதே கதி. 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், நம் பக்கத்தில் காலங்காலமாக நடக்கிறதுதான். இருந்தாலும் கூடவே கூடாது. அதேபோல வலிக்கிறதே என்று நமக்குள்ள டைக்ளோஃபெனாக், புரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கிற கிட்னியும் போய்விடும், வயிற்றில் ரத்தம் கசியும்.

ஊசி விஷயம். முறையாகச் செய்தால் இரண்டு கட்டம். முதலில் மயக்க ஊசி, பெரும்பாலும் தொடையில். சைலசின் என்ற மயக்க மருந்து போட்டால் சில நாய் வாந்தி எடுக்கும், பயப்படாதீர்கள். பத்து நிமிஷத்தில் தலை தொங்கி, கூப்பிட்டால் தெரியாத நிலைக்குப் போய்விடும். அதற்கு அப்புறம்தான் முன்னங்கால் நரம்பில் தயோபென்டோன் மாதிரி மருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற அதே மருந்துதான், அளவுதான் பல மடங்கு. சில நொடியில் நினைவு முழுசாகப் போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். மயக்கம் கொடுக்காமல் நேரடியாக மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு அசைய முடியாமல் கிடக்கும், ஆனால் உள்ளே நினைவு இருக்கும். "முதல்ல மயக்கம் கொடுப்பீங்களா சார்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கண் மூடாது. இதை முன்னாடியே வீட்டில் சொல்லிவையுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்து மூச்சு இழுக்கிற மாதிரி வரும், தோல் துடிக்கும், மூத்திரம் போகும். உயிர் இருக்கிறது என்று நினைத்து அம்மா அலறிவிடக் கூடாது. அடியில் பழைய சேலையை மடித்துப் போடுங்கள்.

வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. உயிர் போகிற நேரத்திலும் வளர்த்தவர் சத்தத்துக்கு நாய் வாலாட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது ராத்திரி. தண்ணீர்ச் சட்டிமேல் தலையைத் தொங்கப்போட்டபடி குடிக்காமல் நிற்கிறானா? அது தாகம் இல்லை, குமட்டல். படுத்து, எழுந்து, மறுபடி இடம் மாறிப் படுக்கிறானா? தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள், 30க்கு மேல் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இதெல்லாம் இருக்கிறது என்றால் நாளைத் தள்ளாதீர்கள். கிட்னி போன நாய் "தானாப் போவது" என்பது அம்மா நினைப்பது மாதிரி தூக்கத்தில் போவது இல்லை. வாந்தி, வலிப்பு, அப்புறம் நினைவில்லாமல் நாள்கணக்கில் கிடப்பது. இதை நீங்கள் சொல்லாமல் டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனையூர்_அக்கா:

அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அம்மா மனசு ஒப்பும்வரை இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் அந்த நாட்களில் அவன் கஷ்டப்படக் கூடாது. குமட்டலுக்கு ஊசி, வாய்ப்புண்ணுக்கு மருந்து, தோலுக்கு அடியில் சலைன் எல்லாம் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். எங்கள் பூனைக்குத் தோலடிச் சலைனை நானேதான் வீட்டில் ஏற்றினேன், டாக்டர் ஒரு தடவை காட்டிக்கொடுத்தார்.

முடிவெடுக்க அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் கணக்கு ஒன்று இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடணும், கூட்டினால் 35க்கு மேல் வந்தால் இன்னும் பார்த்துக்கொள்ளலாம். நீங்களும் அம்மாவும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "டாக்டர் மாமா தூங்க வச்சிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளை ராத்திரி தூங்கவே பயப்படும். செவலைக்கு இனி குணமாகாது, வலியில்லாமல் சாக டாக்டர் உதவப்போகிறார் என்றாலே எட்டு வயதுக்குப் புரியும். கூட இருக்கணுமா என்பதை அவளிடமே கேளுங்கள்.

அலங்காநல்லூர்_மாடுபிடி:

அண்ணே, எங்க பக்கம் கோயில் காளை செத்தால் வேட்டி சாத்தி, மாலை போட்டு, மேளம் அடித்து ஊரே கூடித்தான் அடக்கம் பண்ணுவோம். அம்மா பயப்படுவது பாவத்துக்கு மட்டும் இருக்காது. ஆஸ்பத்திரி மேசையில் யாரோ மாதிரி போய்விடுவானே என்றும் இருக்கும். கொடிக்கால்லயே வைத்துச் செய்யுங்கள், அம்மா கையால் பால் ஊற்றட்டும். மஞ்சள், மாலை, எல்லாம் அவங்க இஷ்டப்படி.

கொடிக்கால்_சோழவந்தான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அண்ணன் சொன்னபடியே சட்டிமேல் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அம்மாவும் பார்த்தார். நான் 19 போட்டேன், அம்மா 16 போட்டார். பால் ஊற்றலாம் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "வீட்லயே வச்சுப் பண்ணச் சொல்லு" என்றார். வியாழக்கிழமை காலையில் டாக்டர் தோட்டத்துக்கே வருகிறார். மகள் கூட இருக்கிறேன் என்கிறாள். குழி எங்கே தோண்டுவது? மோட்டார் கிணறு பக்கத்தில் நிழல் இருக்கிறது.

திருமங்கலத்துக்காரர்:

கிணற்றுப் பக்கம் வேண்டாம், தம்பி. மேடான இடமாகப் பாருங்கள், நாலடி ஆழமாவது வேண்டும். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும், நரியோ நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஆளை விட்டுப் புதன் சாயங்காலமே தோண்டி வைத்துவிட்டால் அன்றைக்கு அலைச்சல் இருக்காது.

பாலை மயக்க ஊசிக்கு முன்னாடியே கொடுங்கள். அதுவும் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தால் போதும். மயங்கிய பிறகு ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி இருமல் வரும். ஊசி போடும்போது குட்டியை வேறு பக்கம் கட்டிவிடுங்கள். தெருநாய்களுக்கான 2023 விதிகளிலேயே இன்னொரு நாய் பார்க்கச் செய்யக் கூடாது என்று இருக்கிறது, வீட்டு நாய்க்கும் அது நல்லதுதான்.

அப்புறம் ஒன்று. டிரிப்புக்குக் காலில் கேனுலா, அதாவது நரம்பில் செருகிய சின்னக் குழாய், வைத்திருப்பார்கள். அதைக் கழற்ற வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உடம்பு வற்றினால் நரம்பு கிடைக்காது, அன்றைக்குப் போய் அவனைத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டியிருக்கும்.