பள்ளிப் பேருந்து நிறுத்தத்தை மாற்ற யாரிடம் முறையிடுவது? (நியூஜெர்சி)

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் வாடகைக் குடியிருப்பில் வசிக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சிறார் மீதான பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, மிதமான ஆபத்துடையவர் என இரண்டாம் நிலையில் வகைப்படுத்தப்பட்ட ஒருவர் பக்கத்துத் தெருவில் குடியேறியிருப்பதை மாநிலக் காவல்துறையின் இணையப் பதிவேட்டில் கோடை விடுமுறையின்போது கண்டோம். மகள் ஏறும் பேருந்து நிற்பது அந்த வீட்டுக்கு நேரெதிரே, உயரமான வேலிச்செடிகள் மறைக்கும் திருப்பத்தில். குளிர்காலத்தில் வெளிச்சம் வருமுன்பே பிள்ளைகள் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

பள்ளியிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வசிக்கக் கூடாது என்று ஃப்ளோரிடாவில் இருப்பது போன்ற விதி இங்கும் இருக்கும் என்று நம்பி நகராட்சியை அணுகினோம். அத்தகைய உள்ளூர்த் தடைகள், பாலியல் குற்றவாளிகளைப் பதிவுசெய்து அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்க வகைசெய்யும் மேகன் சட்டத்துக்குப் பொருந்தாதவை என மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்துவிட்டதாகச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் முகவரியை உறுதிசெய்ததோடு சரி. பள்ளி முதல்வர் மாவட்டப் போக்குவரத்துப் பிரிவைக் கைகாட்டினார். அங்கிருந்து இன்றுவரை பதில் இல்லை. வாடகை ஒப்பந்தம் அடுத்த ஜூன் வரை இருப்பதால் உடனே வீடு மாறவும் வழியில்லை.

அவரைத் துன்புறுத்தும் எண்ணம் எங்களுக்குத் துளியும் கிடையாது. பதிவேட்டுத் தகவலை அதற்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். பிள்ளைகள் நிற்கும் இடம் மாறினால் போதும்.

நியூஜெர்சியில் இந்தக் காரணத்துக்காகப் பேருந்து நிறுத்தத்தை மாற்ற வைத்த பெற்றோர் யாரேனும் இருந்தால், கல்வி வாரியத்திடம் எந்த முறையில் விண்ணப்பித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?