ஆட்டோஜைரோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய ஒற்றர் படங்களில் வரும் விமானங்களை அடையாளம் காட்டும் கட்டுரை ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் சிக்கலில்லை. 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தில் ரோல்ஸ் ராய்ஸ் காரை மூக்கு வழியாக ஏற்றிக்கொள்வது கார்வேர், டிசி-4 விமானத்தை மாற்றிக் கட்டியது. பெயரை அப்படியே எழுதிவிடலாம். இடிப்பது 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்தின் 'லிட்டில் நெல்லி'. கட்டுரையாளர் அதைச் 'சிறிய ஹெலிகாப்டர்' என்கிறார். அது வாலிஸ் டபிள்யூஏ-116 என்ற ஆட்டோஜைரோ. 'தற்சுழலி' என்று மாற்றட்டுமா?

பதில் 1:

வேண்டாம் ஐயா. பூமியின் தற்சுழற்சி என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். தவிர, தலைக்கு மேலே உள்ள அந்த ரோட்டர் (சுழலும் இறக்கைகள்) தானாகச் சுழல்வதும் இல்லை. என்ஜின் சுழற்றுவது விமானிக்குப் பின்னால் உள்ள சிறு புரொப்பெல்லரை மட்டுமே. அது வண்டியை முன்னே தள்ளும்; எதிரே வரும் காற்று கீழிருந்து மேலாகப் பாய்ந்து ரோட்டரைச் சுழற்றும். பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்களே, ஏறக்குறைய அதேதான்.

படத்தில் அடையாளம் காணவும் இதுவே வழி. துரத்தி வரும் பெல் 47 வகை ஹெலிகாப்டர்கள் முன்னே போகும்போது ரோட்டர் முன்பக்கம் சாயும். நெல்லியின் ரோட்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஹெலிகாப்டர் வாலில் உள்ள சிறு ரோட்டர் இதில் கிடையாது. கிளம்பவும் கொஞ்சம் ஓட வேண்டும், நின்ற இடத்திலிருந்து எழும்பாது. பறக்கும் காட்சிகளில் ஓட்டியவர் நாயகன் ஷான் கானரி இல்லை, வண்டியை வடிவமைத்த கென் வாலிஸேதான்!

'சிறிய ஹெலிகாப்டர்' என்பது முறையும் கெட்ட பேச்சு. ஸ்பெயினின் ஹுவான் டி லா சியர்வா 1923-லேயே ஆட்டோஜைரோவைப் பறக்கவிட்டார். நடைமுறைக்கு உதவும் ஹெலிகாப்டர் வந்தது அதற்கு ஏறத்தாழ பத்துப் பதினைந்து வருஷம் கழித்து. மூத்ததை இளையதின் குட்டி என்று சொல்லலாமா?

என் முன்மொழிவு: வளிச்சுழல் வானூர்தி.

பதில் 2:

இலங்கையில் ஹெலிகாப்டரை உலங்கு வானூர்தி என்போம். உலங்கு என்றால் பெரிய கொசு. உண்மையில் அந்தப் பெயர் நெல்லிக்குத்தான் அதிகம் பொருந்தும், ஆனால் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 'வானூர்தி' இரண்டுக்கும் பொதுவாக நிற்பது நல்லது, அண்ணா. 'காற்றாடி' என்றே வைத்தால் என்ன?

பதில் 3:

சென்னையில் பட்டம் என்று நினைப்பார்கள், மற்ற ஊரில் மின்விசிறி என்பார்கள். நமக்கு வேண்டாம்.

வளிச்சுழலில் இன்னொரு வசதியும் உண்டு. ஹெலிகாப்டரின் என்ஜின் நடுவானில் நின்றால், இறங்கும் வேகத்தில் மேலெழும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, விமானி பத்திரமாகத் தரையிறக்க முடியும். ஆட்டோரொட்டேஷன் என்கிற அதற்கு 'வளிவழிச் சுழற்சி' எனலாம். 'வளிச்சுழற்சி' என்று சுருக்கினால் வானிலைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

முதல் மடல்காரர்:

வளிச்சுழல் வானூர்தி என்றே போடுகிறேன். படக்குறிப்பில் இடம் போதவில்லை, அங்கே மட்டும் 'வளிச்சுழலி'. முதல் முறை வரும்போது பக்கத்திலேயே ஆட்டோஜைரோ என்றும் இருக்கும். அப்புறம், ரோட்டருக்கு என்ன சொல்வது? 'சுழலி' என்றால் டர்பைன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.