பழைய பாக்ஸ்டர் எஸ்: வாங்கலாமா, முதலில் எதை மாற்றுவது?

மேகமூட்டம்:
போர்ஷேவின் கூரை மடியும் ஸ்போர்ட்ஸ் காரான பாக்ஸ்டர் எஸ், 2001 மாடல் (986 தலைமுறை) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 3.2 லிட்டர், 6 ஸ்பீடு மேனுவல். சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் கிளட்ச் இதுவரை மாற்றவில்லை, கடைசி சில வருடங்களாக வண்டி அதிகம் ஓடவும் இல்லை. வாங்கியதும் எக்ஸாஸ்ட், இன்டேக், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ட்யூனிங் செய்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தலாம் என்று எண்ணம், ஏனென்றால் 252 எச்பி இன்றைக்குக் குறைவாகத் தெரிகிறது. ஐஎம்எஸ் பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

ஸ்பேனர்கை:
பெரிய விஷயம்தான், ஆனால் தீர்வு உள்ள விஷயம். இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் செயின்களைச் சுழற்றுகிற இன்டர்மீடியட் ஷாஃப்டின் (ஐஎம்எஸ்) ஒரு முனையைத் தாங்குகிற பேரிங் அது. தேய்ந்து உடைந்தால் வால்வு திறந்து மூடும் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினே போய்விடும். உங்கள் வருட வண்டியில் கியர்பாக்ஸை இறக்கினாலே அதை மாற்ற முடியும். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, உறுதியானது, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009-இல் வந்த இன்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது.

கிளட்ச் மாற்றவில்லை என்பது இங்கே ஒரு வகையில் வசதி. எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும், அதே வேலையில் கிளட்ச், ஐஎம்எஸ், பின்பக்க மெயின் சீல் (இன்ஜின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) மூன்றையும் முடித்துவிடுங்கள். அந்தச் செலவை இப்போதே விலையில் குறைத்துக் கேளுங்கள். வாங்கும் முன் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மினுங்கும் உலோகத் துகள் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டியைவிட ஒழுங்காக ஆயில் மாற்றி தினமும் ஓட்டிய வண்டியையே நான் நம்புவேன்.

திறந்தகூரை:
எல்லோரும் இன்ஜினையே பேசுகிறீர்கள், கூரையை யாரும் பார்ப்பதில்லை! கூரையைப் பாதி திறந்து நிறுத்திவிட்டு, அது மடிந்து உட்காரும் பள்ளத்தின் இரண்டு ஓரங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வடிகால் துளைகள் இருக்கும். இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி இருக்கைக்குக் கீழே தேங்கும், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி இருப்பதும் அங்கேதான். அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. கார்பெட்டை மேலாகத் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள்.

2001 என்றால் பின் ஜன்னல் பிளாஸ்டிக் (கண்ணாடி வந்தது 2003 மாடலில்). மடிப்புக் கோட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது கூரையைத் திறக்கவே திறக்காதீர்கள்.

வளைவுப்பிரியன்:
அப்கிரேட் விஷயத்துக்கு வருகிறேன். டர்போ இல்லாத இன்ஜின் இது, ட்யூனிங்கில் கிடைப்பது சொற்பம், எக்ஸாஸ்டில் சத்தம்தான் கூடும். அந்தப் பணத்தை டயரில் போடுங்கள். டயர் எப்போது செய்தது என்று ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண் சொல்லும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதிகம் ஓடாத வண்டி என்கிறீர்கள், பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கட்டியாகியிருக்கும். அடுத்தது டாம்பர் (ஷாக் அப்சார்பர்), கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் இணைப்பு), புது பிரேக் ஃப்ளூயிட், அப்புறம் நல்ல வீல் அலைன்மென்ட். இன்ஜின் நடுவில் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சீராக விழுகிறது, இதெல்லாம் சரியாக இருந்தால் வளைவில் ஸ்டியரிங் பேசும், 252 போதாது என்று தோன்றவே தோன்றாது. தாழ்த்தும் யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டம்:
சரி, ட்யூனிங்கை விட்டுவிட்டேன். ஒன்று கேட்க வேண்டும், ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகை வந்தது.

ஸ்பேனர்கை:
படுத்த சிலிண்டர் இன்ஜின், நாள்கணக்கில் நின்றால் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் கசியும், அதனால் ஒரு சிறு புகை வருவது சகஜம். மேகம் மாதிரி வந்து நிற்காமல் தொடர்ந்தால் ஆயில் செப்பரேட்டர் (இன்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) போய்விட்டது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், பலமாக உறிஞ்சிப் பிடித்து, கழற்றினதும் இன்ஜின் தடுமாறினால் அதுதான். மாற்றக்கூடிய பாகம், அதற்காக வண்டியை விட வேண்டாம்.