மடற்குழுவில் மட்டுறுத்தல் வேண்டுமா? உங்கள் அனுபவம் என்ன?

இரவுப்பறவை:
வானம் பார்ப்பவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் பல வருடம் இருந்தேன். மட்டுறுத்துநர் படித்து அனுமதித்தால்தான் எந்த மடலும் வெளியே வரும். 2007 அக்டோபரில் ஹோம்ஸ் வால்நட்சத்திரம் இரண்டு நாளுக்குள் சுமார் ஐந்து லட்சம் மடங்கு பிரகாசமாகி, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நட்சத்திரம் மாதிரி ஒரு மஞ்சள் புள்ளி. கை நடுங்க, ‘உடனே வெளியே போய்ப் பாருங்கள்’ என்று தலைப்பிட்டு அனுப்பினேன். மட்டுறுத்துநர் பயணத்தில் இருந்தாராம். மூன்றாம் நாள் மடல் வெளிவந்தபோது புள்ளி வட்டமாக விரிந்துவிட்டிருந்தது. முதலில் வந்த பதில்: “எதைப் பார்க்க வேண்டும்?” நல்லவேளை, அது பல வாரம் தெரிந்தது. ஆனால் அந்த முதல் ராத்திரி போனது போனதுதான். என்னைக் கேட்டால் மட்டுறுத்தலே வேண்டாம்.

பழையரேடியோ:
அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் ரேடியோ குழுவில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது; யாருக்குப் பதில் போட்டாலும் குழுவுக்கே போகும். ஒருவர் ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்று தானியங்கிப் பதில் வைத்துவிட்டுக் கிளம்பினார். ஒருவருக்கு ஒரு முறை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும் ரகமில்லை அது. அந்தப் பதில் குழுவுக்கு வந்தது, குழு அவருக்கே திருப்பி அனுப்பியது, அதற்கும் ஒரு பதில். காலையில் பெட்டியைத் திறந்தால் நானூறுக்கு மேல். எரிச்சலில் ஆளாளுக்கு ‘என்னை நீக்குங்கள்’ என்று குழுவுக்கே எழுத, அதற்கெல்லாமும் அவர் விடுமுறையில் இருப்பதாகப் பதில்! தானியங்கிப் பதில்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆர்.எஃப்.சி. 3834 என்ற இணையத் தொழில்நுட்பப் பரிந்துரை 2004-லேயே வந்தாயிற்று. அந்த மென்பொருளை எழுதியவர் படிக்கவில்லை போல. தடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் மூன்றாவது மடலிலேயே நின்றிருக்கும். அன்றைக்குப் போன நல்ல ஆட்கள் சிலர் திரும்பி வரவே இல்லை.

மைப்புட்டி:
நான் பேனா பிரியர்கள் குழுவின் மட்டுறுத்துநர். மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளில் புதிய உறுப்பினரின் மடலை மட்டும் நிறுத்திவைக்க வசதி உண்டு. முதல் இரண்டு மடலைப் பார்ப்பேன், சரியாக இருந்தால் தடையை எடுத்துவிடுவேன். விளம்பரக்காரர்கள் அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். கலவரம் என்றால் மொத்தக் குழுவையும் நிறுத்திவைக்க அவசர விசையும் இருக்கிறது. இரவுப்பறவை அண்ணே, இந்த முறையில் உங்கள் மடல் அன்றைக்கே போயிருக்கும்.

ஆனால் ஒன்று, சண்டை போடுவது புதியவர்கள் இல்லை. பத்து வருஷப் பழக்கக்காரர்கள்தான். நிப்பைத் தேய்ப்பதா கூடாதா என்று ஆரம்பித்து, ஒருவர் இன்னொருவரின் கையெழுத்தையே கிண்டல் செய்தார். இருவரின் மடல்களையும் நிறுத்திவைத்தேன். அன்றிரவு அவர்களில் ஒருவரிடமிருந்து குழுவுக்கு நாலு பக்கத்துக்கு மடல். படித்தேன், அனுமதிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை, தூங்கிவிட்டேன். காலையில் அவரே எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: “அது இன்னும் போகவில்லையே? தயவுசெய்து அழித்துவிடுங்கள்.”