ஓமாமோரியைச் சுவரில் மாட்டலாமா?

ரயில்பயணி:
மூன்று ஜப்பான் பயணங்களில் பதினான்கு ஓமாமோரி சேர்ந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு: அங்கே கோயில்களில் தரும் காப்பு அது. சின்னத் துணிப்பை, உள்ளே வேண்டுதல் எழுதிய தாளோ மரத்துண்டோ இருக்கும். எல்லாவற்றையும் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன். வெயில் பட்டால் நிறம் மங்குமா?

சிவப்புக்குடை:
மாட்டவே வேண்டாம் என்பேன். ஓமாமோரிக்கு ஒரு வருடக் கணக்கு உண்டு. அது முடிந்ததும் பெற்ற கோயிலிலேயே திருப்பிக் கொடுப்பார்கள்; அங்கே முறைப்படி தீயில் இடுவார்கள். புத்தாண்டுக்குப் போனால் பழையவை குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். கொடுக்கும் பணத்தைக்கூட விலை என்று சொல்வதில்லை, காணிக்கை என்றுதான் சொல்கிறார்கள். அதைப் போய் அலங்காரப் பொருளாக்குவது எனக்கு உறுத்துகிறது.

ரயில்பயணி:
ஒரு வருடம் என்பது வழக்கம், கட்டாயம் இல்லை. வேண்டுதல் நிறைவேறும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் கோயில்களும் உண்டு. எனக்கு இவை வெறும் அலங்காரமும் இல்லை. தசாய்ஃபு ஊரின் தென்மாங்கு கோயிலில் பெற்ற கல்விக் காப்பைப் பார்க்கும்போதெல்லாம் சுகவாரா நோ மிச்சிசானே நினைவுக்கு வருவார். பெரிய அறிஞர், 901-இல் தலைநகரிலிருந்து தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903-இல் அங்கேயே இறந்தார். அவரைத்தான் இன்று கல்வித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அந்தக் கதையை மறக்காமல் இருக்கத்தான் வைத்திருக்கிறேன்.

சிவப்புக்குடை:
சரி, அது உங்கள் மனதில் நிற்கிறது. மற்ற பதின்மூன்றும்? டோக்கியோ சுய்தென்கு கோயிலின் சுகப்பிரசவக் காப்பு அதில் இருக்கிறதா? இருந்தால், யாருக்காகப் பெற்றீர்கள்?

ரயில்பயணி:
இருக்கிறது. யாருக்காகவும் இல்லை. தையல் அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம்மாடி:
சேகரிக்கத்தான் ஆசை என்றால் கோஷுயின் இருக்கிறதே! மடிப்புப் புத்தகம் ஒன்று கொண்டுபோனால், கோயிலின் சிவப்பு முத்திரையைப் பதித்து, கோயில் பெயரையும் நீங்கள் வந்த தேதியையும் தூரிகையால் எழுதித் தருவார்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென். திருப்பித் தர வேண்டியதும் இல்லை.

ரயில்பயணி:
கோஷுயின் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நான் வந்து போனதற்கான பதிவு. ஓமாமோரி பையில் தொங்கியபடி வழி முழுக்கக் கூடவே வந்தது, இரண்டும் ஒன்றில்லை. சுகப்பிரசவக் காப்பை மட்டும் திருப்பிவிடுகிறேன். அது என்னிடம் இருந்திருக்கக் கூடாது.

சிவப்புக்குடை:
நல்லது. தபாலில் ஏற்கும் கோயில்களும் உண்டு, முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிரித்து மட்டும் பார்க்காதீர்கள், திறக்கக் கூடாது என்பார்கள். மற்றபடி, சுவர் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை.