வேப்பமரத்தை இப்போது வெட்ட வேண்டாம்

குழு: தண்டையார்பேட்டை வீடு

மாமா, காலை 6:40
அக்கா, ஞாயிற்றுக்கிழமை வேப்பமரக் கிளையை வெட்ட ஆள் வருகிறார். மாசி முழுக்கச் சருகு பெருக்கியே இடுப்பு போய்விட்டது. இப்போது பூ வேறு கொட்டுகிறது.

பெரியம்மா, காலை 6:52
வேண்டாம்டா. பழைய இலையைக் கொட்டி, செம்புநிறத்தில் துளிர்விட்டு, இப்போதுதான் பூத்திருக்கிறது. ராத்திரி ஜன்னலைத் திறந்தால் அந்த வாசனைதான். சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு நம் நாலு வீட்டுக்கும் பூ அந்தக் கிளையிலிருந்துதான் வருகிறது.

மாமா, காலை 6:58
பூவுக்காகச் சொல்லவில்லை அக்கா. 2016 வர்தா புயலில் ஒரு கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுந்ததே, அந்தப் பயம்தான்.

அம்மா, காலை 7:05
பயம் நியாயம்தான் தம்பி. ஆனால் புயல் ஐப்பசி, கார்த்திகையில்தானே வரும்? ஆனி, ஆடியில் பழம் விழுந்து முடியட்டும். ஆவணியில் பாரமான கிளையை மட்டும் கழித்துவிடு.

நான், காலை 7:11
மாமா, உச்சிக்கிளையைப் பார்த்தீர்களா? காக்கை குச்சியும் கம்பித்துண்டும் சேர்த்துக் கூடு கட்டுகிறது. விடியற்காலை நாலரைக்கே குயில் கூவுவதும் அதனால்தான். கூவுவது ஆண், கன்னங்கரேல் என்று இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு காக்கை போகும் நேரத்தில், புள்ளி போட்ட பெண்குயில் வந்து அந்தக் கூட்டில் முட்டை வைத்துவிடும். வெட்டினால் இரண்டு குடும்பமும் போய்விடும்.

சித்தி, காலை 7:20
பெரம்பூரில் எங்கள் தெருப் புங்கமரமும் புது இலையில் பளபளக்கிறது. மார்கழியில் கவாத்து செய்த மல்லிகையில் மொட்டு வந்துவிட்டது. செம்பருத்தியில்தான் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. என்ன செய்வது அக்கா?

அம்மா, காலை 7:26
மாவுப்பூச்சி அது. அதன் இனிப்புக் கசிவுக்குத்தான் எறும்பு வருகிறது. முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவு. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலைக்கு அடியிலும் படும்படி தெளி. வெயில் தாழ்ந்த பிறகு செய், இல்லாவிட்டால் இலை கருகும். வாரம் ஒரு தடவை போதும்.

பெரியம்மா, காலை 7:31
சருகை எரிக்காதீர்கள், எனக்குக் கொடுங்கள். தொட்டியில் மண்ணுக்கு மேல் மூடாக்காகப் போட்டால் சித்திரை வெயிலிலும் ஈரம் நிற்கும்.

மாமா, மாலை 5:48
வெட்டுகிறவருக்குப் போன் செய்து ஆவணியில் வரச் சொல்லிவிட்டேன். மரத்தடியில் பழைய வேட்டி விரித்திருக்கிறேன். கடல்காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் செங்கல் வைத்தாயிற்று. காலையில் பூவை அள்ளிக்கொள் அக்கா.

பெரியம்மா, மாலை 5:50
சரிடா. காம்பு ஆய்ந்து காயவைத்து ஆளுக்கு ஒரு டப்பா தருகிறேன். மாங்காயும் வெல்லமும் உன் பொறுப்பு.