வீட்ல எல்லாரும் சேர்ந்து ஹெல்த் கோல் வச்சா சண்டைல முடியுது, உங்க வீட்ல எப்படி?

கோவைக்காரி:
வணக்கம்ங்க. நாங்க கோவை, வீட்ல அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரர், அத்தை, பையன் ஒன்பதாவது, பொண்ணு நாலாவது. அத்தைக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, இவருக்கு ஆபீஸ் செக்கப்ல சுகர் பார்டர்னு வந்துருச்சு. அதனால பொங்கல் முடிஞ்சு எல்லாரையும் உக்கார வச்சு ஃப்ரிட்ஜ்ல ஒரு சார்ட் ஒட்டுனோம், ஆளுக்கு ஒரு கோல். அத்தைக்கு ஸ்வீட் கூடாது, இவருக்கு வாக்கிங், பையனுக்கு போன் கம்மி, பொண்ணு காய் சாப்பிடணும், எனக்கு சீக்கிரம் தூங்கணும். இப்ப என்னாச்சுன்னா ஆளாளுக்கு போலீஸ் ஆயிட்டாங்க. பொண்ணு போய் "பாட்டி மைசூர்பா எடுத்தாங்க"ன்னு சொல்லுது, அத்தை கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போயிடறாங்க, இவரு பையனை போனை வைடான்னு கத்திட்டு தன் போனை பாத்துட்டே படுக்கறாரு. சாயங்காலம் பேக்கரில டீயும் தேங்கா பன்னும் சாப்டுட்டு வர்றது வேற கணக்குலயே வராது போல. சார்ட்டை கிழிச்சுப் போட்டுடலாமான்னு இருக்கு. உருப்படியா நடக்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

உப்புமூட்டை:
கிழிச்சுப் போடுங்க மேடம், தப்பே இல்ல. ஆளுக்கு ஒரு கோல்னு வச்சா அடுத்தவன் தட்டை எட்டிப் பாக்கறது தான் நடக்கும். ஆளை விட்டுட்டு வீட்டுக்கு கோல் வைங்க, அதாவது மளிகை லிஸ்ட்டுக்கு. ஒரு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்கு கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது சுமாரா ஒரு டீஸ்பூன். அஞ்சு பேருக்கு 25 கிராம், அப்ப ஒரு கிலோ பாக்கெட் குறைஞ்சது 40 நாள் வரணும். ஊறுகா, அப்பளம், மோர்மிளகா, கடை சாப்பாடு, அந்த தேங்கா பன்னு எல்லாத்துலயும் தனியா உப்பு இருக்கறதால இன்னும் நீட்டி வந்தா தான் நல்லது. எண்ணெய்க்கு ஆளுக்கு மாசம் அரை லிட்டர்ங்கறது பொதுவா சொல்ற கணக்கு, உங்களுக்கு ரெண்டரை லிட்டர், பொண்ணு சின்னது அதனால அதுக்கும் கம்மியாவே வாங்கலாம். பாக்கெட் பிரிக்கற அன்னிக்கு தேதியை மார்க்கர்ல எழுதிடுங்க, அவ்ளோ தான். யாரு எவ்ளோ தின்னாங்கன்னு பேச்சே வராது. மைசூர்பாவும் அதே தான், வீட்ல இருந்தா அத்தை மட்டும் இல்ல யாரா இருந்தாலும் கை போகும்.

நர்ஸக்கா:
உப்புமூட்டை சொன்னது சரி தான், ஆனா ஒரு விஷயம், உப்பை குறைக்கறேன்னு கடைல விக்கற லோ சோடியம் உப்பை டாக்டர்கிட்ட கேக்காம வாங்கிடாதீங்க. அதுல பொட்டாசியம் இருக்கும், கிட்னி பிரச்னை இருக்கறவங்களுக்கும் சில பிரஷர் மாத்திரை போடறவங்களுக்கும் ஆகாது.

அடுத்தது அத்தையோட மாத்திரை. குடும்பத்தோட ஏழு மணிக்கு டின்னர், ராத்திரி சாப்பாடே கட்டுன்னு நிறைய வீட்ல ஆரம்பிக்கறாங்க. வெறும் மெட்ஃபார்மின் போடறவங்களுக்கு சுகர் ரொம்ப இறங்கறது அபூர்வம், ஆனா கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க சாப்பாட்டு நேரத்தை மாத்துனா லோ ஆயிடும், வேர்த்து நடுங்கி விழுந்துடுவாங்க. மாத்திரை ஸ்ட்ரிப்பை ஒரு தடவை பாருங்க.

பொண்ணு விஷயத்துல கண்டிப்பா சொல்றேன், எடை போடறது குண்டுன்னு கிண்டல் பண்றது எதுவும் வேண்டாம். அது ஓடி விளையாடட்டும், அந்த வயசுக்கு தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசையணும். தூக்கம் குறைஞ்சது ஒன்பது மணி நேரம்.

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு:
வீட்டுக்காரர் பக்கமும் ரெண்டு வார்த்தை பேசறேன் 😀 பார்டர்னு கேட்டா எல்லாருக்கும் பயம் தான்ங்க, வெளிய காட்டிக்க மாட்டோம். அவருக்கு பத்தாயிரம் ஸ்டெப் மாதிரி டார்கெட் எல்லாம் குடுக்காதீங்க, அந்த நம்பரே 1965ல ஜப்பான்ல ஒரு பெடோமீட்டர், அதாவது ஸ்டெப் எண்ணற மெஷின், விக்கறதுக்கு வந்தது தான். வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமா நடந்தாலே போதும்னு தான் சொல்றாங்க, தினம் இருபத்திரெண்டு நிமிஷம் கூட முழுசா ஆகாது. அதையும் காலைல எந்திரிச்சு ஷூ மாட்டித்தான் நடக்கணும்னு இல்ல, ராத்திரி சாப்ட உடனே எல்லாரும் தெருவுல பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏர்ற சுகருக்கு அது நல்லாவே வேலை செய்யும். பையன் வரமாட்டான், விடுங்க, நாய்க்குட்டி கூட்டிட்டு போற சாக்குல ஒரு நாள் வருவான். ரேஸ்கோர்ஸ் பக்கம்னா சொல்லவே வேண்டாம், சுத்தி நடக்க இடம் இருக்கு. 2023 நவம்பர்ல "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு 8 கிலோமீட்டர் பாதை போட்டாங்களே, ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட அதுல போய் பாருங்க, எட்டும் நடக்கணும்னு கட்டாயம் இல்ல.

பேக்கரி டீயை மட்டும் கை வைக்காதீங்க ப்ளீஸ். பன்னை கட் பண்ண சொல்லுங்க, டீயை சக்கரை கம்மியா போட சொல்லுங்க. அந்த கால் மணி நேரம் தான் ஃப்ரெண்ட்ஸை பாக்கறது.

உப்புமூட்டை:
@ரேஸ்கோர்ஸ் ரவுண்டு, டீக்கு அடுத்து பப்ஸ் வரும், எனக்கு தெரியாதா.

கோவைக்காரி:
எல்லாருக்கும் தேங்க்ஸ்ங்க. சார்ட்டை எடுத்தாச்சு, அத்தை முகத்துல அப்ப தான் சிரிப்பே வந்துச்சு. உப்பு பாக்கெட்ல தேதி எழுதிட்டேன். போன் விஷயத்துல ஒன்பதரைக்கு எல்லா போனும் ஹால் ஷெல்ஃபுக்கு போயிடணும்னு பேசியிருக்கோம், இவர் போனும் சேத்து தான், அதுக்கு பையன் உடனே ஓகே சொல்லிட்டான். டீ பஞ்சாயத்து இன்னும் ஓடுது. நர்ஸக்கா, ஸ்ட்ரிப்பை பாத்தேன், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேந்த மாத்திரை. நாங்க ஏழு மணிக்கு சாப்பிடலாம்னு இருந்தோம், என்ன பண்றது?

நர்ஸக்கா:
நீங்க நாலு பேரும் ஏழுக்கு சாப்பிடுங்க. அத்தை மாத்திரையும் சாப்பாடும் இப்ப எந்த நேரமோ அதே நேரம் இருக்கட்டும், அடுத்த தடவை செக்கப் போறப்போ டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க. அது வரைக்கும் அவங்க தனியா உக்காந்து சாப்பிடாம யாராவது ஒருத்தர் கூட இருங்க. நடக்கறப்போ சுகர் லோ ஆனா வாயில போட அவங்க பையில ரெண்டு மூணு சக்கரை மிட்டாய் இருக்கட்டும், பொண்ணுகிட்ட அது மருந்துன்னு சொல்லி வைங்க, இல்லன்னா மறுபடியும் கம்ப்ளைன்ட் வரும்.